பூசண நஞ்சும் ஆப்பிரிக்கக் கிராமங்கள் தரும் பாடமும்

வீடு வந்து சேர்ந்த விளைச்சலே விளைச்சல் என்பது குடியானவர் யாவரும் அறிந்த உண்மை. களத்திலிருந்து மூட்டைகள் வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த ஆண்டுக்கு இனிக் கவலை இல்லை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், வீடு வந்து சேர்ந்த தானியமே வீட்டாரின் உயிருக்கு உலை வைத்த நிகழ்ச்சி ஒன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் நடந்திருக்கிறது. அதனைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுதல் நன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

2004-ஆம் ஆண்டில், கென்யா நாட்டின் கிழக்குப் பகுதியிலுள்ள மக்குவேனி, கிட்டூயி முதலிய மாவட்டங்களில் மக்கள் மஞ்சள் காமாலை கண்டு படுத்தனர். 317 பேர் நோயுற்றனர். அவர்களுள் 125 பேர் மாண்டனர். ஆராய்ந்து பார்த்தபோது, அவர்கள் அன்றாடம் உண்ட மக்காச்சோளத்திலேயே நஞ்சு இருந்தது புலனாயிற்று. அஃது அயலார் இட்ட நஞ்சன்று. அறுவடை வேளையில் பருவம் தவறி மழை பெய்தது. நன்றாக உலருமுன் சோளம் சேமித்து வைக்கப்பட்டது. ஈரத்தில் பூசணம் வளர்ந்தது; பூசணம் நஞ்சைத் தந்தது. தனிக் குதிரில் வைத்தவர்களைக் காட்டிலும் குடியிருக்கும் வீட்டுக்குள்ளேயே சோளத்தை வைத்திருந்தவர்களிடையே நோய் மிகுதியாகக் காணப்பட்டது. அப்பகுதிச் சந்தைகளில் விற்ற சோளத்தையும் மாவையும் சோதித்ததில், நூற்றுக்கு 55 மாதிரிகளில் நஞ்சு அன்றைய சட்ட வரம்பை மீறியிருந்தது.

இத்தகைய கேடு ஆப்பிரிக்காவுக்கு மட்டுமே உரியதன்று. 1974-ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே, குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில், பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நஞ்சு எவ்வாறு உண்டாகிறது?

இப்பூசணத்தின் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்பதாகும். மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுடையது, மண்ணில் வாழ்வது. பயிர் முற்றும் தறுவாயில் வறட்சி நேரிட்டால், வாடிய பயிரில் இது எளிதாகப் புகுகிறது. பூச்சி துளைத்த மணியும், வெடித்த காயும் இதற்குத் திறந்த வாயில்கள். பின்னர், அறுவடையான பொருளை ஈரத்தோடு குவித்தால் அந்த வெப்பத்தில் இது பல்கிப் பெருகுகிறது. மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் இது மிகுதியாகப் பற்றுகிறது.

இந்நஞ்சை உலகம் அறிந்துகொண்டது 1960-ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து தருவித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே அதற்குக் காரணம் என்று பின்னர்த் தெரியவந்தது. பூசணத்தின் பெயரைக் கொண்டே நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் எனப் பெயரிட்டனர்.

இந்நஞ்சு மிகுதியாக உடலில் சேர்ந்தால் கல்லீரல் கெட்டுச் சில நாட்களிலேயே உயிர் போகும். சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் சேர்ந்தாலோ கல்லீரலில் புற்றுநோய் உண்டாகும். ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சியும் உடனிருப்பின் ஆபத்து பன்மடங்காகிறது. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் அந்நோய் பரவலாக உள்ளது. பெனின், டோகோ ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 480 பேரின் இரத்தத்தைச் சோதித்து, 2002-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 99 குழந்தைகளின் இரத்தத்தில் இந்நஞ்சின் அடையாளம் இருந்தது. அது மிகுதியாக இருந்த குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருந்தனர்.

சமைத்தால் நஞ்சு போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். போகாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் பூசணம் அழியுமேயன்றி நஞ்சு முழுவதும் அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு உள்ளே இருக்கும். எண்ணெய் ஆட்டினால் அதன் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும். அப்பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் ஒரு கூறு இறங்கும். ஆகவே, வந்தபின் போக்குவதைவிட வாராமற் காப்பதே இதற்கு வழியாகும்.

வாணிகமும் வரம்புகளும்

நஞ்சின் அளவை நூறு கோடிப் பங்கில் இத்தனை பங்கு என்று கணக்கிடுகின்றனர். கென்யாவில் இன்றைய வரம்பு 10 பங்கு. ஒரு டன் சோளத்தில் ஒரு கிராமின் நூற்றில் ஒரு கூறு நஞ்சு இருந்தால் அந்த வரம்பு எட்டிவிடும். ஐரோப்பிய நாடுகளோ, நேரே உண்ணுதற்குரிய நிலக்கடலையில் 4 பங்குக்கு மேல் ஏற்பதில்லை. செனகல், காம்பியா, மலாவி முதலிய நாடுகளில் நிலக்கடலையை நம்பி வாழும் சிறு விவசாயிகள் பலர். இவ்வரம்புக்குத் தப்பிய சரக்கையே அவர்களால் அச்சந்தைகளில் விற்க இயலும்.

ஐரோப்பாவின் கடுமையான வரம்பினால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஆண்டுக்கு 67 கோடி டாலர் ஏற்றுமதி இழப்பு நேரிடும் என 2001-ஆம் ஆண்டில் உலக வங்கியின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். பின்வந்த ஆய்வாளர் சிலர் இம்மதிப்பை ஒப்பவில்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கிடையிலும் இத்தகைய தடைகள் எழுந்ததுண்டு. 2021-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பூசண நஞ்சைக் காரணம் காட்டி உகாண்டா, தான்சானியா நாடுகளின் மக்காச்சோளத்தைக் கென்யா தடை செய்தது. சில நாட்களில், நஞ்சின் அளவைக் காட்டும் சான்றிதழ் வேண்டும் முதலான நிபந்தனைகளுடன் தடை தளர்த்தப்பட்டது.

ஆயினும், இங்கு நாம் கருதவேண்டியது வேறொன்று உண்டு. ஏற்றுமதிக்கு ஆகாதெனக் கழிக்கப்பட்ட சரக்கு எங்கே போகிறது? மலாவி நாட்டில், பொறுக்கிய நல்ல பருப்பு வெளிநாட்டுக்குப் போக, கழித்த சொத்தையும் சூம்பலும் மலிவு விலைக்கு உள்ளூர்ச் சந்தையில் விற்கப்பட்டு, மாவாகி, ஏழையின் கஞ்சியில் சேர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அயல்நாட்டான் உண்ணும் பருப்பைக் காக்கச் சட்டமும் சோதனைச் சாலையும் உண்டு. விளைவித்தவனின் குழந்தை உண்பதைக் காக்க அக்கிராமத்தாரை அன்றி யாரும் இல்லை. இப்பிரச்சினையின் உயிர்நாடி இதுவே என்பது எமது கருத்து.

கினி நாட்டுக் கிராமங்கள் கண்ட வழி

கிராமத்தார் தாமே இதனைச் செய்ய இயலுமா என்ற ஐயத்துக்கு, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டின் கிண்டியா வட்டாரம் விடையளித்திருக்கிறது. அங்கு 20 கிராமங்களை ஆய்வுக்குத் தேர்ந்தனர். 10 கிராமங்களில் நிலக்கடலையைப் பதப்படுத்தும் முறை கற்பிக்கப்பட்டது. மற்றப் 10 கிராமங்கள் வழக்கம்போல் விடப்பட்டன. கற்பித்தவை யாவும் எளியவையே.

1. சொத்தையான, பூசணம் பிடித்த காய்களைக் கையால் பொறுக்கி நீக்குதல்.

2. வெறுந்தரையில் உலர்த்தாமல், நாரால் முடைந்த பாயின்மேல் உலர்த்துதல்.

3. காயைக் காதருகே ஆட்டிப் பார்த்தல். உள்ளே பருப்பு கலகலவென்று ஒலித்தால்தான் உலர்ந்ததெனக் கொள்ளுதல்.

4. காற்றோட்டமற்ற பிளாஸ்டிக் பையை விடுத்துச் சணல் சாக்கில் கட்டுதல்.

5. மூட்டைகளைத் தரையில் அடுக்காமல் மரச் சட்டங்களின்மேல் அடுக்குதல். அடியில் பூச்சிமருந்து தூவுதல்.

ஐந்து மாதங்கள் கழித்து இருதரத்துக் கிராமத்தாரின் இரத்தத்தையும் சோதித்தனர். முறையைக் கையாண்ட கிராமத்தாரிடம் நஞ்சின் அடையாளம் மற்றவரிடம் இருந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. 2005-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. பெரிய இயந்திரமோ அயல்நாட்டு மருந்தோ இன்றி, பாயும் சாக்கும் மரச்சட்டமும் கொண்டு இவ்வளவு நன்மை விளைந்தது.

பூசணத்தைப் பூசணத்தால் வெல்லுதல்

உலர்த்துதல் அறுவடைக்குப் பின் செய்யும் வேலை. பயிர் வயலில் நிற்கும்போதே புகும் பூசணத்துக்கு வேறு வழி தேவை. நைஜீரியாவில் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், அமெரிக்க வேளாண்மைத் துறையின் துணையோடு அதற்கு ஒரு வழி கண்டது. இப்பூசணத்திலேயே நஞ்சு தாராத வகைகளும் உண்டு. அந்நாட்டு மண்ணிலேயே கிடைத்த அத்தகைய நான்கு வகைகளைப் பிரித்து, முளைக்காதவாறு செய்த சோள மணிகளின்மேல் பூசினர். இதற்கு அஃப்ளாசேஃப் என்று பெயர். மக்காச்சோளம் பூப்பதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 4 கிலோ, வயலில் தூவுகின்றனர். நஞ்சில்லாப் பூசணம் முந்திக்கொண்டு பரவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நஞ்சுப் பூசணத்துக்கு இடமில்லாமற் போகிறது. நஞ்சு நூற்றுக்கு 80 பங்கும் அதற்கு மேலும் குறைந்ததாகச் சோதனைகள் காட்டின. 2014-ல் நைஜீரியாவும், 2015-ல் கென்யாவும், 2016-ல் செனகலும் காம்பியாவும் இதற்குப் பதிவு வழங்கின. ஒவ்வொரு நாட்டுக்கும் அந்நாட்டு மண்ணுக்குரிய வகைகளே தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

ஆனால், இதனைத் தூவியவர் உலர்த்தாமல் இருந்துவிடலாம் என்று கொள்ளுதல் கூடாது. ஈரத்தோடு சேமித்தால் எம்முறையும் முழுப் பயன் தாராது.

உப்புச் சோதனை

மக்காச்சோளத்தில் ஈரம் நூற்றுக்கு 13 பங்கு அளவிலும், நிலக்கடலைப் பருப்பில் 7 அல்லது 8 பங்கு அளவிலும் இருந்தால்தான் சேமிக்கத் தகும். ஈரம் அளக்கும் கருவி இல்லாத ஊர்களில் சோளத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் இரண்டு மூன்று தேக்கரண்டி உலர்ந்த உப்பு இடுக. புட்டியின் மூன்றில் ஒரு பாகம் வரை சோள மணிகளைப் போட்டு மூடி, ஒரு நிமிஷம் குலுக்குக. கால் மணி நேரம் கழித்துப் பார்க்குங்கால், உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 பங்குக்கு மேல் உள்ளது; இன்னும் வெயில் வேண்டும். ஒட்டவில்லை எனில் 15-க்குக் கீழே வந்துவிட்டது. நெடுநாள் சேமிப்புக்கு மேலும் சிறிது உலர்த்துதல் நலம்.

பஞ்சாயத்தின் கடமை

இவ்வளவும் தெரிந்திருந்தும் விவசாயி ஏன் ஈரத்தோடு விற்கிறான் என்பதையும் நாம் ஒளிக்காமல் பேசவேண்டும். ஈரத்துக்கும் எடை உண்டு. ஒரு வாரம் உலர்த்தினால் மூட்டையின் எடை குறைகிறது. வியாபாரியோ உலர்ந்ததற்கும் உலராததற்கும் ஒரே விலை தருகிறான். உழைத்து உலர்த்தியவனுக்கு நஷ்டமே மிச்சம். நைஜீரியாவில் இதனை உணர்ந்து, அஃப்ளாசேஃப் தூவி விளைவித்த மக்காச்சோளத்துக்கு, டன் ஒன்றுக்கு 18.75 டாலர் ஊக்கத்தொகையை, விவசாயிகளைத் திரட்டிக் கொள்முதல் செய்யும் நிறுவனங்களுக்கு அளிக்கும் திட்டம் ஒன்று நடத்தப்பட்டது. நற்சரக்குக்குத் தனி விலை உண்டு என்ற நிலை வந்தாலன்றி அறிவுரை மட்டும் பயன் தாராது என்பதை அது காட்டுகிறது.

நிலக்கடலையும் மக்காச்சோளமும் நம் வட்டாரங்களிலும் விளைகின்றன. அதே பூசணம் நம் மண்ணிலும் உண்டு. நம் வீடுகளிலும் நல்ல காயை விலைக்கு அனுப்பிவிட்டுச் சூம்பலையும் சொத்தையையும் சட்டினிக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் ஒதுக்கும் வழக்கம் இல்லாமலில்லை. ஆகவே, பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை சில உண்டு. பொது உலர்களத்தை அறுவடைக்கு முன்னரே செப்பனிட்டு வைத்தல்; திடீர் மழைக்குப் பொதுவில் தார்ப்பாய்கள் வாங்கி வைத்தல்; உலர்ந்த சரக்கை ஒன்று சேர்த்து, ஈரத்தை அளந்து, தரத்துக்கேற்ற விலை கேட்டு விற்க விவசாயிகளுக்குத் துணை நிற்றல்; கழித்த சொத்தை மனிதர் வாய்க்கும் மாட்டின் வாய்க்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுதல்.

அடுத்த அறுவடைக்கு முன் கூடும் கூட்டத்துக்கு ஒரு கண்ணாடிப் புட்டியும் ஒரு கைப்பிடி உப்பும் கொண்டுவந்து, இச்சோதனையை அனைவரும் காணச் செய்து காட்டுமாறு பஞ்சாயத்துத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெண்கள் அக்கூட்டத்துக்கு அவசியம் வரவேண்டும். களத்தில் காய் பொறுக்குபவர்களும் அடுப்பில் உலை ஏற்றுபவர்களும் பெரும்பாலும் அவர்களே.