நம்பாத மருமகனும் நம்பும் மாமனாரும்

நான் கடவுளை நம்பாதவன்; என் மாமனாரோ தினமும் பூஜை செய்பவர். அவர் விபூதித் தட்டை நீட்டும்போதெல்லாம் வீட்டில் வாக்குவாதம். கொள்கையையும் விடாமல் சமாதானமாகவும் வாழ வழியுண்டா?
— வாசகர், கும்பகோணம்

தாராளமாக உண்டு, அன்பரே. வாழ்நாளெல்லாம் கடவுள் மறுப்பைப் பிரசாரம் செய்த பெரியார், குன்றக்குடி மடத்துக்குச் சென்றபோது அடிகளார் அளித்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றார். அரசியலிலும் சமயத்திலும் தமக்கு நேரெதிரே நின்ற ராஜாஜி 1972 டிசம்பரில் காலமானபோது, தொண்ணூறைக் கடந்த முதுமையிலும் சக்கர நாற்காலியில் மயானம் வரை வந்து கண்ணீர் வடித்தார். அதனால் அவருடைய நாஸ்திகம் எள்ளளவும் குறைந்துவிடவில்லை. ஆகவே, மாமனார் தட்டை நீட்டுவதை அவருடைய வாத்ஸல்யத்தின் அடையாளமாகக் கருதி வாங்கிக்கொள்ளுங்கள். மனம் ஒப்பாவிடில், "எனக்கு வேண்டாம் மாமா, நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள்" என்று கைகூப்பிச் சொல்லிவிடுங்கள். தர்க்கத்துக்குப் பூஜை வேளை ஏற்றதன்று; இரவுச் சாப்பாடு முடிந்து இருவரும் ஓய்வாக அமர்ந்திருக்கையில், முதலில் அவர் கூறுவதை முழுமையாகக் கேட்டு, பிறகே தங்கள் கருத்தைச் சொல்லுங்கள். தம் பேச்சைப் பொறுமையோடு கேட்கும் மருமகனை, அவன் நாஸ்திகன் என்பதற்காக வெறுத்த மாமனாரை நான் இதுவரை கண்டதில்லை.