வழுக்கிய நட்டு: கை வைக்கும் முன் கவனிக்க வேண்டியவை

தில்லி கரோல் பாகின் மெக்கானிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாசகம் ஒன்று உண்டு: 'சூடி மர் கயீ'. மரை செத்துப்போயிற்று என்று அர்த்தம். லடாக் போகும் புல்லட்டிலிருந்து பால் கேன் சுமக்கும் 100 சிசி வண்டி வரை எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டும் அந்தச் சந்துகளில் நட்டுக்காக யாரும் வருந்துவதில்லை. அது சில ரூபாய்ச் சமாச்சாரம். ஸ்டட் முறிந்தாலோ அலுமினிய ஹெட்டில் மரை போனாலோதான் முகம் வாடும். வீட்டு வாசலில் வண்டியைப் பிரிக்கிற நாமும் இதை மனதில் வைத்தே ஸ்பேனரை எடுக்க வேண்டும். நட்டு போகலாம், ஸ்டட்டும் ஹெட்டும் போகக்கூடாது.

அதிகம் படுத்துவது, சைலன்ஸர் குழாயை எஞ்சின் ஹெட்டோடு பிடித்திருக்கும் நட்டுகள்தான். தினமும் கொதித்து ஆறுகின்றன. மழைக்காலத்தில் முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அவற்றின்மேல்தான் விழுகிறது. மற்ற நாட்களில் தில்லித் தூசி. ஃபின்னும் சேஸிஸ் குழாயும் குறுக்கே நிற்பதால் ஸ்பேனர் நேராக உட்காராது. அரைகுறையாக உட்கார்ந்த ஸ்பேனர்தான் நட்டின் முனையைத் தின்கிறது.

செய்ய வேண்டியவை

1. முதல் வழுக்கலிலேயே கையை எடுங்கள். ஒருமுறை வழுக்கிய நட்டில் இன்னும் பாதி முனை மிச்சம் இருக்கும். நான்காவது முறைக்குப் பிறகு அது வெறும் உருண்டை.

2. நோய் எது என்று பாருங்கள். நட்டு நிற்க, ஸ்பேனர் மட்டும் சுற்றினால் முனை மழுங்கியிருக்கிறது. நட்டே சுற்றியும் வெளியே வரவில்லை என்றால் மரை போய்விட்டது. பின்னதற்கு, நட்டின் அடியில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து வெளிப்பக்கம் நெம்பியபடியே சுற்றுங்கள். மிச்சமிருக்கும் மரை பிடித்துக்கொண்டால் வந்துவிடும்.

3. அளவைச் சரிபாருங்கள். 1955-இல் சென்னையில் தொடங்கிய புல்லட் தயாரிப்பு இங்கிலாந்தின் ரெடிட்ச் வடிவமைப்பைப் பின்பற்றியது. அதனால் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டிகளில் விட்வொர்த் என்னும் பழைய ஆங்கில அங்குல அளவு நட்டுகள் பல உண்டு. கால் அங்குல (இது போல்ட்டின் விட்டம்) விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. அந்த நட்டில் 13 நுழையாது, 14 ஆடும். ஆடுகிற 14-ஐப் போட்டு மழுங்கடித்த நட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

4. வழி உண்டாக்குங்கள். ஹாரன், கார்டு, தேவைப்பட்டால் டேங்க், எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்தால்தான் சாக்கெட் அடிவரை இறங்கும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடியில் பார்க்கும்போது திசை மாறித் தெரியும். கழற்றும் திசையைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

5. துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து ஓர் இரவு விடுங்கள். இடையிடையே நட்டின் தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

6. ஆறு முனை சாக்கெட்டையே போடுங்கள். தில்லியில் 'கோட்டி' என்று கேட்டால் கிடைக்கும். முனை மழுங்கியிருந்தால் ஓர் இழை சிறிய அளவை அடித்து இறக்குங்கள். 10 மி.மீ நட்டுக்கு 3/8 அங்குல சாக்கெட் (9.5 மி.மீ), 13-க்கு அரை அங்குலம் (12.7 மி.மீ). எக்ஸ்டென்ஷன் போட்டு நேராகப் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தளர்த்துங்கள்.

7. அதற்கும் அசையாவிட்டால் சூடு காட்டுங்கள். நட்டைச் சூடாக்கி, மெழுகுவத்தியை அதன் ஓரத்தில் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் ஓடும். ஸ்டட் ஹெட்டிலேயே இறுகியிருந்தால் ஹெட்டைச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும்.

8. கடைசி வழி, நட்டைப் பிளப்பது. ஹேக்ஸா பிளேடாலோ சிறிய கிரைண்டராலோ ஸ்டட்டுக்கு இணையாக அறுத்து, மரையைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, உளியால் ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். திறந்திருக்கும் துவாரங்களில் துணி அடையுங்கள். ஒரு இரும்புத்தூள் எஞ்சினுக்குள் போனாலும் சிலிண்டரில் கோடு விழும்.

செய்யக்கூடாதவை

1. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர், திருகி அளவு மாற்றும் ஸ்பேனர், கட்டிங் பிளையர் மூன்றையும் மழுங்கிய நட்டில் போடாதீர்கள்.

2. 6 மி.மீ ஸ்டட்டில் இருக்கும் நட்டுக்கு ஸ்பேனரில் குழாய் செருகி நெம்பாதீர்கள். நட்டு அசைவதற்கு முன் ஸ்டட் முறியும்.

3. ஃபின்னை முட்டாகக் கொண்டு நெம்பாதீர்கள். அலுமினிய ஃபின் வளையாது, உடையும்.

4. பெட்ரோல் டேங்கும் ஹோஸும் இருக்கும்போது நெருப்பை அருகே கொண்டுபோகாதீர்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தையும் சூடாக்காதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் நச்சுப்புகை கிளம்பும்.

5. ஜனவரிக் குளிருக்குப் பயந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டிச் சூடேற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

6. மழுங்கிய நட்டின்மேல் புது நட்டை வைத்து வெல்டிங் செய்து கழற்றுவது நல்ல வழிதான். ஆனால் பேட்டரி இணைப்பை எடுக்காமல் வெல்டிங்குக்கு விடாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்-6 வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், சைலன்ஸர் குழாயில் ஆக்சிஜன் சென்சாரும் உண்டு. சென்சார்மேல் ஸ்ப்ரேயும் படக்கூடாது, சுத்தியலும் படக்கூடாது.

7. ஞாயிறு மாலையில் வேலையைத் தொடங்காதீர்கள். திங்களன்று கரோல் பாக் சந்தைக்கு விடுமுறை. ஞாயிறு காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகள் அடைத்திருக்கும். சனி காலையில் தொடங்கினால் ஸ்டட் முறிந்தாலும் மாற்று வாங்க நேரம் இருக்கும்.

8. ஸ்டட் ஹெட்டோடு ஒட்ட முறிந்தால் கையில் டிரில் பிடிக்காதீர்கள். ஹெட்டைக் கழற்றி 'கராத்' என்று தில்லியில் சொல்லும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நடுப்புள்ளி பார்த்துத் துளைத்து, மரை போயிருந்தால் ஹெலிகாயில் என்னும் மரைச்சுருள் போட்டுத் தருவார்கள்.

கழன்ற பிறகு பழைய நட்டைத் திரும்பப் பூட்ட வேண்டாம். ஸ்டட்டின் மரையைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் தாமிரக் கிரீஸ் தடவி, புது நட்டைக் கையாலேயே நாலு மரை ஏற்றுங்கள். பிறகு மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், 6 மி.மீ ஸ்டட்டுக்கு அது பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அடுத்த முறை அதைக் கழற்றுவது கரோல் பாகில் தொழில் பழகும் ஒரு பையனாக இருக்கலாம். அவன் பத்து நம்பர் கோட்டியைப் போட்டதும் நட்டு முரண்டு பிடிக்காமல் திரும்ப வேண்டும்.