கார்பன் ஃபைபரில் ஊசித்துளை: காரணமும் சீரமைப்பும்



வீட்டில் செய்த கார்பன் ஃபைபர் பாகத்தை அச்சிலிருந்து கழற்றியதும் கண்ணில் படும் குறைகள் இரண்டு: மேற்பரப்பில் ஊசித்துளைகள், மூலைகளில் பள்ளங்கள். ரெசின் போய்ச் சேர வேண்டிய இடத்தில் காற்று தங்கிவிடுவதே இரண்டுக்கும் காரணம். அந்தக் காற்றை வெளியேற்றாமல் மேலே எத்தனை பூச்சு பூசினாலும் துளை அப்படியே இருக்கும்.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடையும் புதிதல்ல. கார்பன் துணியும் பாவும் ஊடையுமாக நெய்ததுதான். இரண்டும் குறுக்கிடும் ஒவ்வொரு இடத்தின் ஓரத்திலும் இழை இல்லாத சிறு சந்து இருக்கும். அதை ரெசின் மட்டுமே நிரப்ப வேண்டும். கலக்கும்போது புகுந்த குமிழி அந்தச் சந்தில் சிக்கினால் ஊசித்துளை. அதனால்தான் துளைகள் நெசவை ஒட்டி வரிசையாகத் தெரிகின்றன. மூலைப் பள்ளம் வேறு வகை. அச்சின் உள்மூலையில் துணி படிந்து உட்காராமல் விறைத்து நின்றால், அதற்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகும். மேலே மெல்லிய ரெசின் தோல் மட்டும் இருக்கும். விரல் நகத்தால் அழுத்தினாலே அது உடைந்துவிடும்.

சீரமைக்கும் முன் பாகத்தைச் சோதிக்க வேண்டும். ஒரு நாணயத்தால் பரப்பு முழுவதும் மெல்லத் தட்டினால், நல்ல இடத்தில் ஓசை தெளிவாக ஒலிக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடத்தில் மங்கி ஒலிக்கும். மங்கிய ஓசை வந்தால் அது மேற்பரப்புக் குறை அல்ல. எடை தாங்கும் பாகமானால் அந்த இடத்தை வெட்டி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, புதிய துணி அடுக்க வேண்டும். அல்லது பாகத்தையே ஒதுக்க வேண்டும். பட்டி வைத்து மூடுவது ஆபத்து.

மேற்பரப்புக் குறையும் சில பாகங்களில் வெறும் அழகுக் குறை அல்ல. ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்த அப்துல் கலாம், ஹைதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது, நிசாம் மருத்துவ அறிவியல் கழக மருத்துவர் ஒருவரின் தூண்டுதலால் கால் பாதித்த பிள்ளைகளுக்கு இலகுவான தாங்கிகள் செய்ய வழிசெய்தார். சுமார் 3 கிலோ இருந்த தாங்கி, கூட்டுப்பொருளால் 300 கிராமுக்கு இறங்கியது. அப்படித் தோலோடு உரசும் பாகத்தில் துளை இருந்தால் வியர்வையும் அழுக்கும் தங்கும். அதன் கூரான விளிம்பு தோலை அறுக்கும்.

முதல் வேலை சுத்தம் செய்வது. அச்சில் தடவிய மெழுகு பாகத்தின் மேல் ஒட்டியிருக்கும். அதை முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, உலர்ந்தபின் அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். மெழுகு மிஞ்சினால் புதிய ரெசின் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகி ஓடும். பிறகு 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை மட்டும் தேய்க்க வேண்டும். தூள் கருப்பாக மாறினால் இழை அறுபடுகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட வேண்டும்.

அடுத்தது துளையின் வாயைத் திறப்பது. பல துளைகளுக்கு வாய் குறுகல், வயிறு அகலம். ரெசின் வாயை அடைத்ததும் உள்ளே இருக்கும் காற்று அதைத் தடுத்துவிடும். ஊசி முனையாலோ மிக மெல்லிய டிரில் பிட்டாலோ வாயை அகலப்படுத்தி, தூளைத் தூரிகையால் எடுக்க வேண்டும். மூலைப் பள்ளத்தில் மேல் தோலை முழுவதுமாக உடைத்தெடுத்து விடுவதே நல்லது.

எபாக்ஸி ரெசினையும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன எடை விகிதத்தில் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் கலவை கடைசிவரை முழு வலுவுக்கு வராது. வெப்பம் 10 டிகிரி கூடினால் கலவை இறுகாமல் தாங்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். 25 டிகிரியில் 30 நிமிடம் தருவது 35 டிகிரியில் 15 நிமிடமே தரும். ஆகவே சித்திரை வைகாசியில் மெதுவாக இறுகும் ஹார்டனரை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் பரப்பி வைக்க வேண்டும். குவளையில் குவிந்து கிடந்தால் தானே சூடேறிப் புகையும்.

அருப்புக்கோட்டைப் பக்கத்து வறண்ட பூமியில் பூசும் நேரமே வேலையைத் தீர்மானிக்கிறது. காலையில் பூசினால் வெயில் ஏற ஏறப் பாகமும் சூடேறும். துளைக்குள் இருக்கும் காற்று விரிந்து, பூசிய ரெசினைக் குமிழாகத் தள்ளிவிடும். சூடு இறங்கும் மாலையில் பூசினால் காற்று சுருங்கி ரெசினை உள்ளே இழுக்கும். பாகத்தை ஹேர் டிரையரால் 50 டிகிரிக்குச் சூடாக்கி, சூட்டை நிறுத்திய உடனே பூசினால், அது 30 டிகிரிக்கு ஆறுவதற்குள் காற்று நூற்றுக்கு ஆறு பங்கு சுருங்கும். ஆடிக்காற்றில் கரிசல் புழுதி ஈர ரெசினில் ஒட்டும். ஜன்னலை மூடி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் இறுகிய எபாக்ஸி மேல் பிசுபிசுப்பான படலம் படியலாம். தேய்க்கும் முன் அதைத் தண்ணீரால் கழுவ வேண்டும்.

நெசவு தெரிய வேண்டிய பாகமானால் தெளிந்த எபாக்ஸியைக் கையுறை அணிந்த விரலால் நான்கு திசையிலும் அழுத்தித் தேய்த்து, மிச்சத்தை வழித்தெடுக்க வேண்டும். மறுநாள் இன்னொரு முறை. பெயின்ட் அடிக்கும் பாகமானால் எபாக்ஸியில் சிலிக்கா தூள் கலந்து பட்டியாக வைக்கலாம். மூலைப் பள்ளத்துக்கு நறுக்கிய கார்பன் இழையைச் சேர்த்துச் சற்று மேடாக நிரப்ப வேண்டும். முழுதாக இறுகியபின் 400, 600, 800, 1200 எண் தாள்களால் வரிசையாகத் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும்.

வெயில் எபாக்ஸியை மஞ்சளாக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் ஒன்று கட்டாயம் வேண்டும். காருக்கு அடிக்கும் அந்தப் பூச்சில் ஐசோசயனேட் இருப்பதால் வீட்டுக்குள் தெளிக்கக் கூடாது. உரிய முகமூடியும் காற்றோட்டமும் உள்ள பெயின்டிங் பட்டறையில் கொடுப்பதே சரி. கறுத்த பாகம் வெயிலில் கை வைக்க முடியாத அளவு சூடேறும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி அந்தச் சூட்டில் இளகக்கூடும்.

கார்பன் தூள் தோலில் அரிப்பை உண்டாக்கும். மின்சாரத்தைக் கடத்துவதால் மின்கருவிக்குள் புகுந்தால் ஷார்ட் ஆகும். தேய்க்கும்போது என்95 முகமூடி, கண்ணாடி, நைட்ரைல் கையுறை மூன்றும் வேண்டும். கையில் ரெசின் பட்டால் அசிட்டோன் கூடாது, சோப்பே போதும்.

பளபளப்பு வாங்குபவரின் கண்ணை ஏமாற்றலாம், எடையை ஏமாற்றாது. தட்டும்போது ஓசை மங்கிய பாகத்தை மெருகேற்றி யார் கையிலும் கொடுக்க வேண்டாம்.