வீட்டுக் குளத்து மீன்களும் அவற்றின் பிணிகளும்

மருத நிலத்தின் வளம் பாடப் புகுந்த நம் பழம்புலவர் வரால், வாளை, கெண்டை, ஆரல், அயிரை முதலிய மீன்களைப் பெயர் சுட்டிக் கூறாது விடுத்தல் அரிது. அவை துள்ளுதலையும் பாய்தலையும் நாம் வகுப்பறையிற் பயின்று இன்புற்றுள்ளோம். ஆயின் அம்மீன்கள் பிணியுறுங்கால் எங்ஙனம் தோன்றும், அப்பிணியை அறிவதும் தணிப்பதும் எவ்வாறு என்பனவற்றை யாம் பாட்டிற் கண்டிலோம். யாம் தமிழ் பயில்வோரேயன்றி உயிர்நூல் வல்லுநர் அல்லோம். எனினும், ஊரப்பாக்கத்தில் எம் இல்லத்தின் கொல்லைப்புறத்துள்ள சிறு குளமொன்று எமக்குக் கற்பித்த பாடத்தையும், அதன் பின்னர் நூல்களின் வாயிலாக அறிந்தவற்றையும் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அக்குளம் எம் பாட்டனார் தம் கையாற் செங்கல் அடுக்கிக் கட்டியது. நீளம் நான்கு மீட்டர், அகலம் மூன்று மீட்டர், நீரின் ஆழம் முக்கால் மீட்டர். ஆகவே பரப்புப் பன்னிரண்டு சதுர மீட்டர். கொள்ளளவு ஒன்பதாயிரம் லிட்டர். இவ்வளவுகளைப் படிப்போர் மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். பின்னர் இவை வேண்டப்படும். அதன்கண் விரால்களும் கெண்டைகளும் ஜிலேபி மீன்களும் வாழ்ந்து வந்தன. (புலவர் வரால் என்றதனையே இன்று நாம் விரால் என்கின்றோம்.) பாட்டனார் மறைந்த பின்னர் அவற்றிற்கு இரையிடும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது.

மீன் நோயுற்றது என்று ஐயுறுவார் முதற்கண் ஆராய வேண்டுவது மீனையன்று, நீரையே. வீட்டுக் குளங்களில் நேரும் இறப்புகளிற் பல கிருமியால் வருவன அல்ல. நீரின் கேட்டால் வருவன. பகலில் ஒளியின் துணையாற் பிராணவாயுவை ஈனும் பாசியும் செடியும் இரவில் அதனை உட்கொள்ளுதலின், விடியற்பொழுதிலேதான் நீரில் அவ்வாயு மிகக் குறைந்திருக்கும். அவ்வேளையிற் கெண்டைகள் மேல்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுமாயின், மருந்து தேடி ஓடுதல் வேண்டா. அழுகிய இலைகளை அகற்றி, இரையை நிறுத்தி, நீரை உயரத்தினின்று வீழுமாறு பாய்ச்சினாற் போதும். விராலோ காற்றையே உட்கொள்ளும் உறுப்புடையது. அஃது இடையிடையே மேலே வந்து காற்றை விழுங்கி மீளுதல் அதன் இயல்பு, நோயன்று. எம் அண்டை வீட்டார் ஒருவர் அதனைக் கண்டு, விரால் சாகப் போகின்றது என்று பலமுறை எம்மை அச்சுறுத்தியதுண்டு.

பல இன மீன்களை ஒருங்கு வளர்ப்பார்க்கு இதனால் ஒரு நன்மையுண்டு. எவ்வினம் வருந்துகின்றது, எவ்வினம் வாளா இருக்கின்றது என்று நோக்கினால் காரணம் பாதி விளங்கும். கெண்டை மூச்சுத் திணற விரால் நலமாயிருப்பின், குறை பிராணவாயுவில் என்க. எல்லா மீனும் ஒருங்கே துடிப்பின் நீரில் நஞ்சு கலந்துள்ளது என்க; குளோரின் இட்ட நீரை ஆறவிடாது அப்படியே பாய்ச்சியவர் இதனைக் கண்டிருப்பர். விராலும் சிறு கெண்டையும் புண்பட்டு நலிய, ஜிலேபி மீன் மட்டும் மாசுமறுவின்றி நீந்துமாயின், அஃது இனிக் கூறப்போகும் கொடும்பிணியாதல் கூடும்.

2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் 'மிக்ஜாம்' புயல் பெய்த மழையில் தெருநீர் எம் கொல்லையுள் ஏறிற்று. 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற் தாம்பரம் வட்டாரம் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது புதுமையன்று. குளத்தின் கரை மறைந்தது. ஏரியிற் பிறந்த சிறுமீன்கள் சில எம் குளத்திற் குடிபுகுந்தன. யாம் அதனை ஒரு கொடையெனவே எண்ணி மகிழ்ந்தோம். மார்கழிப் பனி தொடங்கிய சில நாட்களில் விரால்களின் பக்கத்திற் குருதிப் பொட்டுகள் தோன்றின. பொட்டுகள் புண்களாயின, புண்கள் சதையைத் தின்று குழிந்தன. ஒரு விராலின் தலையில் எலும்பு வெளிப்பட்ட பின்னரும் அஃது உயிரோடு நீந்திக்கொண்டிருந்ததைக் கண்டு யாம் அன்று உணவு கொண்டிலோம்.

இப்பிணி பரவுபுண் நோய் எனப்படும். 1971ஆம் ஆண்டில் ஜப்பானிலும், அடுத்த ஆண்டில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பகுதியிலும் இது காணப்பட்டது. பின்னர்த் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் வழியே மேற்கு நோக்கிப் படர்ந்து, 1987ஆம் ஆண்டு இறுதியில் இலங்கையையும், 1988ஆம் ஆண்டில் வங்காளதேசத்தையும் நம் நாட்டின் வடகிழக்கு மாநிலங்களையும் எய்திற்று. 1991ஆம் ஆண்டிற் கேரளத்து உப்பங்கழிகளில் இது தோன்றியபோது மக்கள் மீன் வாங்குதலையே அஞ்சி விடுத்தனர். நோயில்லா மீனும் விலைபோகாமையின் வலைஞர் குடிகள் பட்டினியுற்றன. 2006ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் சாம்பசி ஆற்றுப் படுகையையும் இஃது அடைந்தது.

இதன் காரணம் யாதென நெடுநாள் வழக்கிருந்தது. வைரசு என்றனர் சிலர். பாக்டீரியா என்றனர் சிலர். இறுதியில், 'அபனோமைசிஸ் இன்வாடன்ஸ்' என்னும் நீர்ப்பூசணமே முதற்காரணம் என்பது தெளிவாயிற்று. பூசணம் என்று வழங்கினும் இது மெய்யான பூசண இனத்தைச் சேர்ந்ததன்று. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் விளைத்த கிருமிக்கு இது நெருங்கிய உறவாகும். இதன் வித்துகள் வால்கொண்டு நீந்தி வந்து, மீனின் தோலிற் காயமுள்ள இடத்திற் பற்றி வேரூன்றும். நீர் குளிருங்கால் இவை மிகுதியாகப் பிறக்கின்றன. மீனின் எதிர்ப்பாற்றலோ அக்காலத்திற் குன்றுகின்றது. பெருமழை நீரின் சுண்ணச் சத்தைக் குறைத்து அமிலத்தன்மையை மிகுவிக்க, அதனால் மீனின் தோல் நொய்ம்மையுறுகின்றது. நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மார்கழி, தைத் திங்களில் இந்நோய் தலையெடுத்தற்குக் காரணம் இதுவே. புண்ணான இடத்திற் பாக்டீரியாக்கள் பின்னர் வந்து குடியேறுகின்றன. இப்பூசணம் மனிதரைத் தொற்றுவதில்லை. ஆயினும் கையிற் காயமுடையார் அம்மீனைத் தொடாதிருத்தல் நன்று, புண்ணிலுள்ள பாக்டீரியாக்களை அஞ்சி.

இனி எம் பிழையைக் கூறுதும். இந்நோய்க்குச் சுண்ணாம்பு இடுவர் என்று எங்கோ படித்திருந்தோம். வீட்டிற்கு வெள்ளையடிக்க வாங்கிய சுட்ட சுண்ணாம்பு மூலையிற் கிடந்தது. நிறுத்துப் பாராமல், நாற்புறமும் கைப்பிடி கைப்பிடியாக இறைத்தோம். ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். மறுநாட் காலையிற் குளத்தின் மேல் வெள்ளை வயிறுகள் மிதந்தன. ஒரு புண்ணும் இல்லாதிருந்த ஜிலேபி மீன்கள் அனைத்தும் அவற்றுள் இருந்தன. நோய் தீண்டாதவற்றை மருந்து கொன்றது. எஞ்சியவை நான்கு விரால்களே. எம் பாட்டியார் ஒன்றும் கூறிலர். கூறியிருப்பின் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

நிகழ்ந்தது யாதெனின்: மீன்கள் செவுளின் வழியாக அம்மோனியாவைக் கழிக்கின்றன. வெள்ளத்தின் பின் அழுகல் மிகுந்த எம் குளத்தில் அது தேங்கியிருத்தல் வேண்டும். நீரின் பி.எச். ஏழாக இருக்குங்கால் அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே நஞ்சு வடிவில் நிற்கும். ஒன்பதாக உயருங்கால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஞ்சாக மாறும். சுட்ட சுண்ணாம்பு பி.எச்.சை அதனினும் உயர்த்த வல்லது. அக்காரமே செவுளைச் சுடும். ஆகவே மீன்கள் இருமுனைத் தாக்குதலுக்கு ஆளாயின. திருக்குறளின் மருந்து அதிகாரத்தை யாம் தேர்வுக்கு நெட்டுருப் பண்ணியவர்களே. நோயையும் அதன் முதலையும் தணிக்கும் வாயிலையும் முறையே நாடுக என்று கூறிய ஆசிரியர், அதனோடு அமையாது, நோயுற்றவனின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதுக என்று அடுத்த குறளிற் கூறியிருத்தலை, அம்மிதக்கும் வயிறுகளைக் கண்ட பின்னரே யாம் பொருளுணர்ந்து படித்தோம்.

அளவு வருமாறு. பரவுபுண் நோய்க்குப் பெருங்குளங்களில் ஒரு ஹெக்டேருக்கு 200 கிலோ சுண்ணாம்பு என்பது வழக்கம். ஒரு ஹெக்டேர் பதினாயிரம் சதுர மீட்டர். எனவே ஒரு சதுர மீட்டருக்கு 20 கிராம். எம் குளத்திற்கு வேண்டியது 240 கிராம் மட்டுமே. அதனையும் சுட்ட சுண்ணாம்பாக இடாது, சுடாத சுண்ணாம்புக்கல் தூளாக நீரிற் கரைத்துத் தெளித்தல் சிறு குளங்கட்குக் காப்பானது, அது பி.எச்.சை மட்டுக்கு மீறி உயர்த்தாது. புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவிலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிலையத்தார் இந்நோய்க்கெனவே 'சிஃபாக்ஸ்' என்னும் மருந்தை ஆக்கினர். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்திற்கு அதன் அளவு ஒரு லிட்டர். எம் குளத்திற்குக் கணக்கிட்டால் ஒரு மில்லிலிட்டரும் நிரம்பாது. துளிக்கணக்கில் இடவேண்டியதனைப் புட்டியோடு கவிழ்ப்பவர் உளர்; எம்மைப் போன்றோர்!

எஞ்சிய நான்கு விரால்களை ஒரு தொட்டிக்கு மாற்றி, லிட்டருக்கு மூன்று கிராம் வீதம் கல்லுப்புக் கரைத்த நீரில் வைத்தோம். நூறு லிட்டருக்கு 300 கிராம். குளம் முழுமைக்கும் அவ்வீதம் இடின் இருபத்தேழு கிலோ வேண்டும், அல்லியும் கருகும். ஆகலின் நோயுற்றதனைப் பிரித்து மருத்துவம் செய்தலே சிக்கனம். ஆழ்ந்த புண்ணுடையது ஒன்று மாண்டது. மற்றவை மாசித் திங்களில் வெயில் ஏற ஏறத் தாமே தேறின. உப்பு பூசணத்தை வேரறுத்தது என்று யாம் கூறத் துணியோம்; வெதுவெதுப்பான நீரே பெரிதும் உதவியது போலும்.

பிற பிணிகளைச் சுருங்கக் கூறுவோம். உடலெங்கும் உப்புத் தூவினாற்போல் வெண்புள்ளி தோன்றின் அஃது ஓரணு ஒட்டுண்ணியின் வேலை. தோலுக்குள் இருக்கும் வரை மருந்து அதனைத் தீண்டாது; வெளிப்பட்டு, அடியிற் சென்று பலவாகப் பிரிந்து, மீண்டும் நீந்தி வருங்காலையே அது சாகும். ஆதலின் புள்ளி மறைந்தவுடன் உப்பு நீரை மாற்றிவிடுதல் பிழை. சில நாள் தொடர வேண்டும். செதில்கள் பலாக்காயின் முள்போல் நிமிர்ந்து வயிறு வீங்கிய மீன் பிழைத்தல் அரிது.

மீன்பேன் என்பதொன்று உண்டு. அது தட்டையாய், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் உடலுடையதாய், மீனின்மேல் ஊர்வது. கூர்ந்து நோக்குவார் கண்ணிற்குப் புலனாகும். பேன்பட்ட மீன் சுவரில் உடலைத் தேய்த்துக்கொள்ளும். இதனை ஒழிக்க ஓர் எளிய வழியுளது. மீன்பேன் தன் முட்டைகளை மீனின்மேல் இடாது, கல், மரம் போன்ற கடினமான பொருள்களில் ஒட்டிவைக்கும். ஆகவே குளத்தில் மூங்கிற் பிளாச்சுகளையோ பலகைகளையோ நட்டுவைத்து, சில நாட்களுக்கொருமுறை எடுத்து வெயிலில் நன்கு காயவைத்தால் முட்டைகள் அழியும். பணச்செலவில்லாத இம்முறையைப் பெருங்குளத்தாரும் கைக்கொள்கின்றனர்.

கொளத்தூர்ச் சந்தையிலிருந்து புதுமீன் வாங்கி வருவோர் அதனை நேரே குளத்தில் விடாது, இரண்டு மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்து நோக்குதல் வேண்டும். அங்கேயே கடைகளில் நீரின் அம்மோனியாவையும் பி.எச்.சையும் காட்டும் சோதனைத் துளிகள் கிடைக்கின்றன. இறந்த மீனை ஏரியிலோ வடிகாலிலோ எறியாது குழிதோண்டிப் புதைக்க. வலையை வெயிலிற் காய்ச்சாமல் வேறு குளத்தில் இடாதொழிக.

எம் குளத்தின் கரையை இப்போது இரண்டு வரிசைச் செங்கல் உயர்த்திப் போக்குவழிக்கு வலையும் கட்டியுள்ளோம். மழைக்கு முன் ஐப்பசியிற் சுண்ணாம்புக்கல் தூளை அடுக்களைத் தராசில் 240 கிராம் நிறுத்து இடுகின்றோம். தராசைக் கழுவித் தரவேண்டும் என்பது பாட்டியாரின் கட்டளை. விரால்கள் மூன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்றன் தலையிற் செதில் முளையாத வடுவொன்று, காசளவினதாய், இன்னும் இருக்கின்றது.