ஓசூர்ப் பனியில் எப்படிக் குளிப்பது?

தஞ்சாவூரிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ ஓசூர் சிப்காட் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் மார்கழியிலேயே முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்துவிடும். நகத்தால் கீறினால் கோடு விழும். ஊர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்காலக் காற்றும் காய்ந்த காற்று. கிருஷ்ணகிரி பல நூறு மீட்டர் கீழே இருப்பதால் அங்கே இவ்வளவு குளிர் இல்லை. தோல் காய்ந்ததும் எல்லோரும் முதலில் சோப்பை மாற்றுகிறார்கள். என்னைக் கேட்டால் அது மூன்றாவது வேலை. வெந்நீரின் சூடு முதலில், குளித்தபின் தடவுவது அடுத்து.

காலை ஷிஃப்ட்டுக்கு விடியுமுன் எழுகிறவரிடம் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசை கரைந்து போகும். வாடகை அறைகளில் இருப்பது பெரும்பாலும் ஹீட்டர் ராடு. கீசரைப் போல அதில் சூட்டைத் திருகிக் குறைக்க வழியில்லை. ஆவி பறக்கும்வரை விட்டு அப்படியே மேலே ஊற்றிக்கொள்கிறோம். விளாவிக் குளியுங்கள். குளித்து முடிக்கையில் தோல் சிவந்திருந்தால் சூடு அதிகம் என்று பொருள். இந்த விஷயத்தில் ஷவரைவிட பக்கெட் மேல்: தண்ணீர் தீர்ந்ததும் குளியலும் முடிந்துவிடும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஃபுளோரைடு தொல்லைக்காக வந்தது, அது குடிப்பதற்கு. குளிக்க இன்னமும் பல வீடுகளில் போர் தண்ணீர், இல்லையென்றால் டேங்கர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, அலசினாலும் போகாத படிவாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும். இதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கருவி மாட்டலாமா? கரப்பான் உள்ள 336 குழந்தைகளின் வீடுகளில் இங்கிலாந்தில் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், தண்ணீரை மென்மையாக்கும் கருவியால் கூடுதல் பலன் தெரியவில்லை. காசை மிச்சப்படுத்திச் சோப்பைக் குறையுங்கள். அக்குள், தொடையிடுக்கு, பாதம் போதும். கைகாலில் எண்ணெய் அழுக்கு படாத நாளில் அங்கே வெறும் தண்ணீரே போதும். ஷிஃப்ட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு வேளை குளிப்பவர்கள் ஒரு வேளைக்குச் சோப்பை விட்டுவிடலாம்.

இனி எந்தச் சோப்பு? உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம் என்கிறது இந்தியத் தரநிலை. அது சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் என்பதற்கான கணக்கு, மென்மைக்கான சான்றிதழ் அல்ல. முதல் தரச் சோப்பும் காரமே. அதன் பிஎச் 9, 10 என்று நிற்கும், தோலின் பிஎச் 5-ஐ ஒட்டியது. உறையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். சோடியம் பாமேட் முதலில் இருந்தால் சாதாரணச் சோப்பு. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் முதலில் இருந்தால் அது பெரும்பாலும் சோப்பல்லாத கட்டி. உப்புத் தண்ணீரிலும் அதிகம் படிவு விடாது. விலை கூடுதல்தான், ஆனால் தோல் வெடித்தவர்களுக்கு அந்தக் காசு தகும். ‘பேதிங் பார்’ என்ற பெயர் இரண்டு வகையிலும் இருக்கும், அதை நம்பித் தேர்ந்தெடுக்க முடியாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வறட்சிக்கு மருந்து என்பது பாதி உண்மை. தேய்த்த நல்லெண்ணெயைச் சீயக்காய் போட்டு உடம்பெல்லாம் கரகரவென்று உரித்துவிட்டால் மிஞ்சுவது என்ன? சீயக்காய் தலையோடு நிற்கட்டும். உடம்புக்குப் பயத்தம் மாவை லேசாகப் பூசி அலசினால் போதும். பக்கெட்டில் எண்ணெய் விட்டுக் குளிப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை, தரைதான் வழுக்கும். நாள்தோறும் பலன் தருவது குளித்தபின் தடவுவது. துண்டால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். பிலிப்பைன்ஸில் 2004-இல் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டபோது வறண்ட தோலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே உதவின. வாசலின் அதிக நேரம் நிற்கும், ஆனால் சீருடையில் பிசுக்கும். இரவுக்கு அது, காலைக்கு எண்ணெய். குதிகால் தடித்திருந்தால் யூரியா கலந்த கிரீம், வெடிப்பு ஆழமாக இருந்தால் அது எரியும்.

லேத்திலும் சிஎன்சியிலும் நிற்பவர்களின் கை தனிக் கதை. கூலன்ட்டும் கிரீஸும் போக வாஷிங் பவுடர், மண்ணெண்ணெய், தின்னர் என்று தேய்ப்பவர்களைப் பார்க்கலாம். மூன்றுமே தோலை அரிப்பவை. முதலில் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்து, சுத்தமான துணியில் துடைத்துவிட்டுப் பிறகு சோப்புப் போடுங்கள். ஏற்கெனவே இரும்புத் தூள் ஏறிய காட்டன் வேஸ்ட்டால் துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

சில அரிப்புக்குக் குளியல் காரணமே இல்லை. சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும் சிறுநீரகக் கோளாறும் தோலைக் காய வைக்கும். இரவில் கூடுகிற அரிப்பு, விரலிடுக்கில் பொரிகள், அறையில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றால் அது சிரங்காக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். மருந்தை அறையிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். ஆளுக்கொரு ஷிஃப்ட் என்றால் வார விடுமுறையில் சேர்ந்து போடுங்கள், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பவும் தொற்றிக்கொண்டே இருக்கும்.