பூட்டிய கடைகளும் ஊரின் பெயரும்

சென்ற கோடை விடுமுறையில் நம் விடுதியைச் சேர்ந்த மதுரை நண்பர் ஒருவர் என்னுடன் சித்தூருக்கு வந்திருந்தார். கங்கம்மா ஜாத்திரையைக் காட்டுகிறேன் என்று நான்தான் அவரை அழைத்துச் சென்றேன். பேருந்தை விட்டு இறங்கிக் கடைத்தெரு வழியே நடந்தோம். தெருத் திருப்பத்தில் மூன்று மாடி வணிகக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் இரும்புக் கதவுகள் துருவேறிப் போயின. பெயர்ப் பலகைகளில் பாதி எழுத்துகள் உதிர்ந்துவிட்டன. மேல்மாடிச் சுவரில் அரசங்கன்று ஒன்று தழைத்து நிற்கிறது. நண்பர் அண்ணாந்து பார்த்தார். "என்னப்பா, உங்கள் ஊர் செத்துப்போன ஊரா?" என்றார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆயினும் எனக்கு விடை சொல்ல நா எழவில்லை. ஏனெனில் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலிருந்த ஜவுளிக்கடையில்தான் என் தந்தையார் பதினோர் ஆண்டுகள் கணக்கு எழுதினார். குடியாத்தத்திலிருந்து எங்கள் குடும்பம் சித்தூருக்குக் குடிபெயர்ந்ததே அந்த வேலையை நம்பித்தான். கடைகள் மூடி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. என் தந்தையார் அந்தத் தெரு வழியே போவதையே விட்டுவிட்டார். காய்கறி வாங்கப் போனாலும் இரண்டு தெரு சுற்றிக்கொண்டுதான் போவார்.

நண்பரின் கேள்விக்கு அன்று சொல்லாத விடையை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

ஒரு சோறு பதமா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையில் அரிசி ஒரே நீரில், ஒரே சூட்டில் வேகிறது. ஆகவே ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்தால் போதும். ஊர் அப்படி வேகும் பண்டமன்று. ஆயினும் வழிப்போக்கன் ஊரை அவ்வாறுதான் அளக்கிறான். சென்னையிலிருந்து சித்தூர், பலமநேர் வழியாகப் பெங்களூர் செல்பவன் எங்கள் ஊரில் ஒரு தேநீர் குடிக்கும் நேரம் நிற்பான். மாம்பழப் பருவத்தில் இரவு பகலாக ஓடும் பழச்சாறு ஆலைகளை அவன் பார்ப்பதில்லை. கல்லூரி மாணவர் கூட்டத்தையும் விடியற்காலைச் சந்தையையும் பார்ப்பதில்லை. பெருஞ்சாலை ஓரத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய கட்டடமே அவன் கண்ணில் படுகிறது. அந்த ஒரு சோறே அவனுக்குப் பதமாகிவிடுகிறது.

இதனால் வரும் நட்டம் சிறிதன்று. சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1-இல் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. பெயரும் புகழும் பயணிகளும் திருப்பதியோடு போய்விட்டன என்ற ஏக்கம் சித்தூர் மக்களிடம் உண்டு. இந்நிலையில் புதிதாகக் கடை வைக்க வரும் வணிகன் எங்கள் கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனால், அவனைக் குறை கூற இயலுமா?

வெளியார் நினைப்பதைவிட ஊரார் நினைப்பது பெரிது. என் தந்தையார் இரண்டு தெரு சுற்றிப் போகிறார் என்றேன். அவரைப்போல் எத்தனை பேர் சுற்றிப் போகிறார்களோ! கூட்டம் குறையவே அக்கம்பக்கக் கடைகளிலும் வாணிகம் குன்றுகிறது. அங்கும் ஒரு கதவு சாத்தப்படுகிறது.

கட்டடம் சாகும் விதம்

வேதியியல் மாணவனாகையால் அந்தக் கட்டடத்தை நான் வேறொரு கண்ணாலும் பார்த்தேன். பூட்டிய கட்டடம் சும்மா இருப்பதாக நாம் எண்ணுகிறோம். அது சும்மா இருப்பதில்லை. உள்ளே இடையறாது இரசாயன வினை நடந்துகொண்டே இருக்கிறது.

சிமிட்டிக் காங்கிரீட்டு காரத்தன்மை மிக்கது. அதன் பி.எச். அளவு 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரச் சூழலில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படர்ந்து, துருவேறாமல் அதைக் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியே மெல்லப் புகுந்து, காங்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைடிராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பி.எச். அளவு 9-க்குக் கீழே இறங்குகிறது. காவலாக இருந்த படலம் அழிகிறது. பிறகு ஈரமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துருதான். துருவுக்கு, தான் பிறந்த இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் தேவை. அந்த இடத்திற்காக அது உள்ளிருந்தே விம்முகிறது, காங்கிரீட்டு வெடிக்கிறது. நல்ல காங்கிரீட்டில் இவ்வளவும் நடக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். விரிசலும் ஈரமும் இருந்தால் அவ்வளவு காலம் வேண்டியதில்லை.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? மொட்டைமாடி நீர்போகும் குழாயின் வாயில் நான்கு சருகுகள் அடைத்துக்கொள்கின்றன, தொடக்கம் அவ்வளவே. ஆள் இருக்கும் வீட்டில் யாரேனும் ஒருவர் குச்சியை விட்டுக் குத்தி அதை எடுத்துவிடுவர். ஆளில்லாத இடத்தில் நீர் தேங்குகிறது, விரிசலில் இறங்குகிறது. பறவை எச்சத்தில் வந்த அரச விதை அந்த ஈரத்தில் முளைக்கிறது. வேர் விரிசலை அகலமாக்குகிறது. குடியில்லா வீட்டில் குண்டுப் பெருச்சாளி உலாவும் என்னும் பழமொழியைச் சொன்னவர்கள் இரசாயனம் படித்தவர்கள் அல்லர். ஆனால் கண் திறந்து பார்த்தவர்கள்.

2021 நவம்பரில் பெய்த பெருமழை திருப்பதியையும் சித்தூர் வட்டாரத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. அந்த மழைக்குப் பின்தான் நான் சொன்ன கட்டடத்தின் சன்ஷேடிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, கீழே தேநீர்க் கடைக்காரர் போட்டிருந்த பலகையை உடைத்தது. நல்லவேளையாக அப்போது அதில் யாரும் அமர்ந்திருக்கவில்லை.

பூட்டுக்குக் காரணம் என்ன?

நண்பர் ஊருக்குத் திரும்பிய அன்றிரவு தந்தையாரிடம் அவர் கேட்டதைச் சொன்னேன். தந்தையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஊர் ஒன்றும் சாகவில்லையப்பா. பங்காளிகள் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்" என்றார்.

அந்தச் சொல்லில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது. கட்டடம் பாழானதற்கு ஊரின் வறுமை காரணமன்று. பெரியவர் காலமானார், பிள்ளைகள் மூவர் பாகத்திற்கு வழக்குத் தொடுத்தனர், தீர்ப்பு வரும் வரை யாரும் கை வைக்கக்கூடாது என்றாயிற்று. முடிவெடுக்க ஆளில்லாமையே பூட்டாயிற்று.

பெரிய அளவிலும் இதுவே கதை. சித்தூர்ப் பால் பண்ணையை எங்கள் வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ஒரு காலத்தில் நாள்தோறும் இலட்சக்கணக்கான லிட்டர் பாலைக் கையாண்ட கூட்டுறவுப் பண்ணை அது. 2002-இல் மூடப்பட்டது. அது யார் குற்றம் என்பது அரசியல் மேடைகளில் நீண்ட வாதம். அதற்குள் நான் புகவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பண்ணையின் மேல் கடனும் பாக்கியும் ஏறி நின்றன. மாநில அரசு 182 கோடி ரூபாய் பாக்கியைத் தீர்த்த பின்னரே வேறொருவர் அங்கே கால் வைக்க வழி பிறந்தது. 2023 ஜூலை 4-இல், அமுல் நிறுவனம் பண்ணையைப் புதுப்பிப்பதற்கு அன்றைய முதலமைச்சர் அடிக்கல் நாட்டினார். மூடியதற்கும் அடிக்கல்லுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த இருபது ஆண்டுகளும் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு அந்த மதில் சுவர் சொன்ன செய்தி ஒன்றே: "இங்கே இனி ஒன்றும் இல்லை."

திருப்பதியைப் பாருங்கள். அங்கும் பழைய கட்டடங்கள் உண்டு. ஆனால் இரயில் நிலையத்தின் பின்புறம் இருந்த பழைய கோவிந்தராஜ சத்திரங்களை இடித்து, அச்சுதம், ஸ்ரீபாதம் என்னும் இரண்டு தங்கும் விடுதிகள் கட்டுவதென்று தேவஸ்தானம் 2023-இல் முடிவு செய்தது. அம்முடிவு சரியா தவறா என்று வாதிடலாம். முடிவெடுக்க ஓர் அமைப்பு இருந்தது என்பதே இங்கு நமக்கு வேண்டுவது.

பிற ஊர்கள் தரும் பாடம்

சென்னை பெரம்பூரில் பின்னி ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதை நேரில் பாராத தமிழரும் திரையில் பார்த்திருப்பர். கதாநாயகன் அடியாட்களைத் துவைத்தெடுக்கும் பாழடைந்த ஆலை பல படங்களில் அதுதான். ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடம் சண்டைக் காட்சிக்கு ஏற்ற இடமாயிற்று.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரின் மிச்சிகன் சென்ட்ரல் இரயில் நிலையம் 1913-இல் திறக்கப்பட்டது. 1988-இல் கடைசி வண்டி புறப்பட்டது. அதன் பிறகு முப்பது ஆண்டுகள், அந்நகரம் வீழ்ந்தது என்று எழுத விரும்பிய ஒவ்வொருவரும் அதன் உடைந்த சன்னல்களையே படம் பிடித்தனர். 2009-இல் நகர மன்றம் அதை இடித்துவிடவே தீர்மானித்தது, ஆனால் இடிக்கவில்லை. 2018-இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து, 2024 ஜூனில் திறந்தது. வீழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டப்பட்ட அதே கட்டடம் இன்று மீட்சிக்குச் சான்றாகிறது.

ஃபோர்டைப் போன்ற செல்வர் எல்லா ஊருக்கும் கிடைப்பரா? கிடைக்கமாட்டார். ஆகவே சிறு செலவில் நடந்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். உடைந்த சன்னலைச் சீர்செய்யாமல் விட்டால் குற்றம் பெருகும் என்று வில்சன், கெல்லிங் என்னும் இருவர் 1982-இல் எழுதினர். அது பெரும் விவாதத்துக்கு உள்ளான கருத்து. சான்று போதாது என்றவர் பலர். பின்னர் ஃபிலடெல்ஃபியா நகரில் ஆய்வாளர்கள் 541 காலி மனைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து புல் நட்டு வேலியிட்டனர். சிலவற்றை அப்படியே விட்டனர். 2018-இல் முடிவு வெளியாயிற்று. சீர்செய்த மனைகளைச் சுற்றிய வறிய பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்திருந்தது. உரிமையாளர் மாறவில்லை, புதுக் கட்டடம் எழவில்லை, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்ற தோற்றம் மட்டுமே மாறியது.

இங்கிலாந்தில் 2024 டிசம்பரில் ஒரு புதிய அதிகாரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு ஆண்டுக் காலத்தில் 365 நாட்களுக்கு மேல் காலியாகக் கிடந்த கடையை உள்ளாட்சி மன்றம் ஏலமிட்டு, ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை குத்தகைக்கு விடலாம். சொத்து உரியவருடையதே, பூட்டி வைக்கும் உரிமைக்கு மட்டும் எல்லை கட்டினர்.

இவற்றிலிருந்து நான் கொண்ட கருத்து இது. உரிமை வழக்கு தீரப் பல ஆண்டுகள் ஆகலாம். பராமரிப்பு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. "யாருக்குச் சொந்தம்?" என்பது ஒரு கேள்வி. "யார் பார்த்துக்கொள்வது?" என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றெனக் கருதியதே நம் ஊர்கள் செய்த பிழை.

நாம் செய்யத்தக்கது

புரட்டாசி விடுமுறையில் ஊருக்குப் போனபோது தந்தையாரை வற்புறுத்தி, பங்காளிகளில் மூத்தவரிடம் அழைத்துச் சென்றேன். வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. மொட்டைமாடிக் குழாய்களைச் சுத்தம் செய்யச் சாவி வேண்டும் என்று மட்டும் கேட்டோம். அவர் வியப்புடன் பார்த்தார். பின் மற்ற இருவருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். தேநீர்க் கடைக்காரரும் உடன் வந்தார். மூன்று சாக்குச் சருகு அள்ளினோம். அரசங்கன்றை வெட்டி எடுத்தோம். வேர் உள்ளே கிடக்கிறது, மீண்டும் துளிர்க்கும் என்பதை அறிவேன். இறங்கும்போது தந்தையார் தம் பழைய கடையின் கதவருகே சற்று நின்றார். அதன்பின் அந்தத் தெரு வழியாகவே வீட்டுக்கு நடந்தார்.

பூட்டு இன்னும் பூட்டியபடிதான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் அங்கே நீர் தேங்கவில்லை.

தோழர்களே! நாம் பல ஊர்களிலிருந்து இங்கு வந்து படிக்கிறோம். விடுமுறைக்குச் செல்லும்போது உங்கள் ஊர்க் கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் கட்டடங்களை எண்ணுங்கள். எத்தனை ஆண்டுகளாக, என்ன காரணத்தால் என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். விழக்கூடிய பகுதி இருந்தால் நகராட்சிக்கு எழுதுங்கள். அக்குறிப்புகளைச் சங்கத்தில் ஒன்றுசேர்ப்போம். நோயை அறிந்தால்தானே மருந்தைப் பற்றிப் பேசலாம்?

மதுரை நண்பருக்கு: அடுத்த ஜாத்திரைக்கும் வாருங்கள். அதே தெரு வழியாகவே அழைத்துப் போகிறேன். ஊர் சாகவில்லை என்பதை என் தந்தையாரே உங்களுக்குச் சொல்வார்.