திகதி குறித்து வைத்த கிராம வைத்தியர்



ஓரிடத்தில் நோய் பரவினால், "இதை யார் கொண்டுவந்தது?" என்ற கேள்வி எழும். விடை தெரியாதபோது, புதிதாக வந்து குடியேறிய குடும்பத்தின் மீதே பழி விழுவதுண்டு. இக்கேள்விக்குத் திகதிகளைக் குறித்து வைத்தே விடை கண்ட ஒரு வைத்தியரைப் பற்றி இப்பாடத்தில் படிப்போம்.

அவர் யார்?

வில்லியம் பிக்கிள்ஸ் 1885இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். 1913 முதல் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கிலுள்ள அய்ஸ்கார்த் கிராமத்தில் வைத்தியம் பார்த்தார். ஆடு, மாடு வளர்த்துப் பிழைக்கும் மக்கள் வாழும் இடம் அது. பெரிய ஆய்வுகூடம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆனால் எந்தப் பிள்ளை எந்த வீட்டைச் சேர்ந்தது, யார் யாருடன் பழகுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவர் கண்டது என்ன?

1929இல் அங்கே செங்கமாரி பரவியது. 5,700 பேர் வாழ்ந்த பகுதியில் 250 பேர் வரை நோயுற்றனர். ஒருநாள் காலை, படுக்கையில் கிடந்த ஓர் இளம்பெண்ணை அவர் பார்வையிட்டார். ஆனால் அன்றே அவள் ஊர் விழாவுக்குச் சென்றிருந்தாள். விழாத் திகதியிலிருந்து, பின்னர் நோயுற்றவர்களின் திகதிகளை எண்ணினார். மற்றவர்களிடமும் விசாரித்து எண்ணினார். தொற்றிய பின் நோய் வெளிப்பட 26 முதல் 35 நாட்கள் செல்கின்றன எனக் கண்டார். இந்நோயின் கிருமியை விஞ்ஞானிகள் கண்ணால் கண்டதோ 1973இல்தான்.

பின்னர் சின்னமுத்து போன்ற தொற்றுநோய்களையும் மனைவியின் துணையுடன் ஆண்டுக்கணக்காகக் குறித்து வந்தார். இக்குறிப்புகளே 1939இல் நூலாயின. 1969இல் அவர் காலமானார்.

நாம் கற்பது என்ன?

1. இன்று வெளிப்படும் செங்கமாரி ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் தொற்றியது. ஆகவே, போன கிழமை வந்தவரைக் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது.

2. கண் மஞ்சளாகும் முன்னரே நோய் மற்றவருக்குத் தொற்றும். ஆகவே நோயாளி மட்டுமன்றி எல்லோரும், மலசலகூடம் சென்ற பின்னும் சமைக்கும் முன்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும். கொதித்தாறிய நீரையே பருக வேண்டும்.

3. இடம்பெயரும்போது கிளினிக் அட்டை தொலைந்துபோகலாம். வீட்டுக்கு ஒரு கொப்பி வைத்திருங்கள். யாருக்கு, எத்திகதியில், என்ன நோய் தொடங்கியது, எந்தக் கிணற்று நீர் குடித்தார் என்று எழுதுங்கள். "எப்போதிருந்து?" என்று வைத்தியர் கேட்கும்போது சரியான விடை சொல்லலாம்.

கலந்துரையாடுவோம்

* சென்ற ஆண்டு நம்மிடையே பரவிய நோய் எது? முதலில் யாருக்கு, எப்போது தொடங்கியது?
* ஆதாரமின்றி யாரையாவது பழித்தோமா?
* நமது பகுதியில் இக்குறிப்பை எழுதும் பொறுப்பை யார் ஏற்பார்?